விளக்கு வைக்கும் நேரத்து வோல்டேஜ்

போன வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தேன் இல்லையா, அப்போது புதிதாகச் சேர்ந்த ஒருவர் கணினித் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டி, "எவ்வளவு ஸ்மூத்தா வந்திருக்கு பாருங்க சார்" என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது. நான் அவரைப் பாராட்டாமல், "இந்த அளவை எடுத்தவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?" என்று கேட்டேன். "சென்சார் சாப்பிடாது சார்" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தீர்கள். கிழவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அதில் தப்பில்லை, வயதாகத்தான் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் உளறிக் கேட்கவில்லை. அது எனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்த புதிது. கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அப்போதுதான். இன்று உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் போன் செய்கிற வேலையில் ஒரு துளியைச் செய்வதற்கு, அது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. கல்லூரியில் அந்த அறைக்கு மட்டும்தான் ஏ.சி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனதும் பெரிய பெரிய பேராசிரியர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கணக்கை அட்டைகளில் துளைபோட்டு அடுக்கிக் கொடுத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். அது விடையை அடித்துத் தருகிற தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம். அதில் தப்பு இருக்கும் என்று நினைக்க எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது.

அந்த வருடங்களில் கிராமங்களில் கிணற்றுக்குக் கிணறு மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்தது. ஆசை பெரிதாக இருந்தது, கம்பி ஒல்லியாக இருந்தது. ஒரே லைனில் மோட்டார்களைச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் குறையும். குறைந்தால் மோட்டார் சாதுவாக மெதுவாக ஓடிவிட்டுப் போகாது. கரண்டைக் கூடுதலாக இழுத்து, சூடேறி, உள்ளே இருக்கிற சுருள் கருகிவிடும். ஒரு லைன் இன்னும் எத்தனை மோட்டாரைத் தாங்கும் என்று கையால் கணக்குப் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். அதையே கம்ப்யூட்டரில் போடுவதற்கு ஒரு முறையை உருவாக்குவதுதான் எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் கூப்பிட்டபடியே சார் என்று வைத்துக்கொள்வோம். சாருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு பேசும்போது குரல் ரொம்ப மெதுவாக வரும். அப்போதுதான் பயப்பட வேண்டும்.

சோதனைக்கு எங்களுக்குக் கிடைத்த லைன் செஞ்சியைத் தாண்டி, வல்லத்துக்குப் போகிற வழியில் ஒரு ஊரில் இருந்தது. அதன் கடைசிக் கம்பம் நைனார் என்பவரின் மோட்டார் கொட்டகை வாசலில் முடிந்தது. தமிழ்ச் சமணக் குடும்பம், அந்தப் பக்கத்தில் எத்தனையோ தலைமுறையாக இருப்பவர்கள். நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைத்திருந்தார்கள். மல்லாட்டை என்றால் நம்முடைய வேர்க்கடலைதான். செஞ்சிக் கடைத்தெருவில் அதில் வியாபாரமும் உண்டு. சாருக்கும், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ரங்கநாதனுக்கும், எனக்கும் மல்லாட்டை மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு அறையை நைனார் ஒழித்துக் கொடுத்தார். அதற்கு வாடகை என்று பேச்செடுத்தபோது காதில் விழாத மாதிரி எழுந்து போய்விட்டார்.

சாப்பாடும் அந்த வீட்டில்தான். அங்கே பொழுது சாய்ந்தபிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள். நைனாரும் அவர் மனைவியும் இருட்டியபிறகு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. செஞ்சிக் கோட்டை மலைப் பக்கம் வெயில் இறங்க ஆரம்பித்ததும் நைனார் தன் மோட்டாரை நிறுத்துவார். "வாங்க சார், பொழுது போவுது" என்று எங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார். துணியில் வடிகட்டிய தண்ணீர், வாழைக்காய்ப் பொரியல், பயறு போட்ட குழம்பு, கட்டித் தயிர். விடுதிச் சாப்பாட்டில் காய்ந்து கிடந்த எனக்கு அது கல்யாணச் சாப்பாடு. சார் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நமக்காக அந்த வீட்டு வழக்கம் ஒரு நாளும் மாறக் கூடாது. அவங்க கூப்பிட்டா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு எழுந்திருக்கணும்."

அப்படியே எழுந்து போனோம். சாப்பிட்டு முடித்து, நைனாரின் மாலை வழிபாடு முடிகிறவரை மரியாதைக்காக உட்கார்ந்திருந்து, அப்புறம் ஊர்க்கதை பேசிவிட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்ப மணி எட்டாகும். வோல்ட்மீட்டரைப் பார்த்து அளவெடுப்போம். ஐந்தரை மணிக்கு எடுத்த அளவும் நன்றாக இருக்கும், எட்டு மணிக்கு எடுப்பதும் நன்றாக இருக்கும். இரண்டு புள்ளியையும் சேர்த்து ரங்கநாதன் ஒரு கோடு போடுவார். அவர் கோடு போடுவதில் கெட்டிக்காரர், பார்க்க அழகாக இருக்கும்.

நைனார் நிலத்துக்கு அடுத்தது முனுசாமியின் நிலம். கிணறு வெட்டி, மோட்டாரை இறக்கி, கொட்டகையும் போட்டுவிட்டார். கம்பத்திலிருந்து அவர் கொட்டகைக்கு ஒரு கம்பி இழுப்பதுதான் பாக்கி. நெல் பொதி கட்டி, கதிர் தள்ளுகிற பருவத்தில் இருந்தது. பங்குனி வெயில் அடித்தது. மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைக்கிற தண்ணீர் பாதி நிலத்துக்குக்கூடப் பாயவில்லை. அந்தப் பயிர் பிழைப்பதும் போவதும் கரண்டு வருவதைப் பொறுத்திருந்தது. அதனால் தினமும் காலையில் எங்களைப் பார்க்க வந்துவிடுவார்.

"இன்னா சார், மெட்ராசுல கீற உங்க மிசினு இன்னா சொல்லுது?"

"இன்னும் அதுகிட்ட கேக்கலை முனுசாமி. அளவெல்லாம் எடுத்து முடிக்கணும்."

"சட்டுனு கேளுங்க சார். நீங்க முடிக்கிற வரிக்கும் நெல்லு காத்துகினு இருக்குமா?"

அவர் மனைவி பச்சையம்மாள் இன்னும் கெட்டி. "அதுக்கு வாய் இருந்தா நானே பஸ் ஏறிப் போயி ரெண்டு வார்த்த கேட்டுட்டு வந்துருப்பேன்" என்பாள்.

மின்சார அலுவலகத்துப் பொறியாளர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: "தாங்கும்னு உங்க கணக்கு சொன்னா மறுநாளே கம்பிய இழுத்துடறேன். முனுசாமிக்கு மட்டுமில்ல, அவருக்குப் பின்னால காத்திருக்கிறவங்களுக்கும் சேர்த்து. தாங்காதுன்னா புது டிரான்ஸ்பார்மர் வர்ற வரைக்கும் யாருக்கும் கிடையாது. அது எப்போ வரும்னு என்னைக் கேக்காதீங்க."

அளவுகளை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குப் போனேன். அட்டைகளில் துளைபோட்டு, வரிசையில் காத்திருந்து, இயந்திரத்திடம் கொடுத்தேன். தாங்கும் என்று பதில் வந்தது. காத்திருந்த எல்லோருக்கும் கொடுத்தாலும் தாங்கும். தபாலாபீசுக்கு ஓடிப்போய் சாருக்குத் தந்தி அடித்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறினேன். என்னவோ நானே முனுசாமிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

வழியில் பஸ் டயர் பஞ்சராகி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அதனால் மத்தியானம் போய்ச் சேர வேண்டியவன், பொழுது சாய்கிற நேரத்தில்தான் ஊரில் இறங்கினேன். அந்த நேரத்தில் ஊர்த் தெருவை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் எப்போதும் இலைக்கு முன்னால்தான் இருப்பேன். பெண்கள் கூடையில் நெல்லைச் சுமந்துகொண்டு வரிசையாக, அதே லைனில் இருந்த நெல் அரைக்கும் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவித்த நெல்லைக் காலையில் வெயிலில் பரப்பிவிட்டுக் காட்டுவேலைக்குப் போகிறவர்கள், வேலை முடிந்து வந்து, பனி இறங்குவதற்குள் அதை வாரிக்கொண்டு அரைக்க வருகிறார்கள். பகலில் நாங்கள் பார்த்தபோதெல்லாம் மில்காரர் சாக்கின் மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இப்போது மில் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டார்கள். தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம் என்று நைனாரின் கொட்டகைக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டினேன். பல்பு எரிந்தது என்று சொல்ல முடியாது, உள்ளே கம்பி மட்டும் சிவந்தது. வோல்ட்மீட்டரைக் கிட்டே போய்ப் பார்த்தேன். இதற்குக் கீழே இறங்கினால் மோட்டாருக்கு ஆபத்து என்று நாங்கள் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கும் கீழே முள் நின்றது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். இணைப்பைக் கழற்றி மறுபடி மாட்டினேன். முள் அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மில் சத்தம் நின்றது. முள் மெல்ல மெல்ல ஏறி, வழக்கமாக எட்டு மணிக்கு நாங்கள் வந்து பார்க்கிற இடத்தில் போய் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டது.

அறைக்குப் போனேன். சாரும் ரங்கநாதனும் சந்தோஷமாக இருந்தார்கள். தந்தி கிடைத்ததும் பொறியாளருக்குச் சொல்லியாகிவிட்டது. காலையில் ஆட்களோடு ஜீப்பில் வருகிறார். முனுசாமி மோட்டாருக்குப் பூஜை சாமான் வாங்கச் செஞ்சிக்குப் போயிருக்கிறார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"ஒரே ஒரு நாள் பார்த்ததை வெச்சு என்ன சொல்ல முடியும்?" என்றார் ரங்கநாதன். "இன்னிக்கு வேற ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் போட்ட கணக்கை ஒரு முள்ளைப் பார்த்து மாத்தறதா? கொடுத்த வார்த்தை என்ன ஆகும்? வேணும்னா கட்டுரையில அடிக்குறிப்பு போட்டுக்கலாம் சார்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய பட்டம் அந்த வேலையை நம்பி இருந்தது. அதைவிட, முனுசாமியிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மெதுவான குரலில், "இத்தனை நாளா அந்த நேரத்துல நாம எங்க இருந்தோம்?" என்றார்.

ரங்கநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம் சார்" என்றார்.

சார் என்னைப் பார்த்தார், ரங்கநாதனைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "லைன்லேயே ரொம்பக் கஷ்டமான நேரம் அது. அந்த நேரத்தை விட்டுட்டு மிச்ச நாள் பூரா அளந்திருக்கோம். அதுவும் எவ்வளவு ஒழுங்கா!" என்றார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ரங்கநாதன் போட்ட அந்த அழகான கோட்டை நாங்கள் அதனிடம் கொடுத்தோம், அதை நம்பி அது பதில் சொன்னது. அவ்வளவுதான் நடந்தது.

காலையில் ஜீப் வந்துவிட்டது. கம்பத்தில் ஏணி சாத்தியாகிவிட்டது. முனுசாமி மோட்டாருக்குக் குங்குமம் வைத்து, கற்பூரத் தட்டோடு நின்றார். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும், நைனாரும் இருந்தார்கள். உங்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கைதட்டல் கிடைக்கும், தேங்காய் மூடியும் கிடைக்கும். மோட்டார் கருகுவது எப்போதோ நடக்கப்போகிறது, அதற்கு நூறு காரணம் சொல்லிக்கொள்ளலாம். சார் நேரே ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என் கணக்கு முழுசா இல்லை. இப்போ கம்பியை இழுக்காதீங்க" என்றார்.

பொறியாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார் இது? நேத்து தாங்கும்னு சொல்லி அனுப்பினீங்க."

"நேத்து தெரிஞ்சதைச் சொன்னேன். இன்னிக்குத் தெரிஞ்சதை இன்னிக்குச் சொல்றேன். சாயந்திரம் வரைக்கும் இருங்க, காட்டறேன்."

"சாயந்திரம் எனக்கு விழுப்புரத்துல மீட்டிங் இருக்கு."

"மீட்டிங்குக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். மோட்டார் எரிஞ்சுபோனா யாருக்கு சார் போன் பண்றது?"

முனுசாமி தட்டைக் கீழே வைத்தார். அவர் குரல் உடைந்துவிட்டது. "இன்னா சார் இப்பிடிச் சொல்றீங்க? நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா? எரிஞ்சா என் மோட்டார்தான எரியும்? எரிஞ்சிட்டுப் போவுது, குடுத்துடுங்க சார். நெல்லு போயிடுச்சின்னா அப்பறம் மோட்டார வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவர் சொன்னதில் என்ன தப்பு என்றுகூட எனக்குத் தோன்றியது. சார் அவர் தோளில் கை வைத்து, "உன்னோடது மட்டும் எரியாது முனுசாமி, லைன்ல இருக்கிற எல்லாரோடதும் எரியும். எனக்கு இன்னிக்கு ஒரு சாயந்திரம் கொடு" என்றார். அதைக் கேட்டதும் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நைனார்தான் வழி பண்ணினார். "அந்த நேரத்துல எப்பவும் என் மோட்டார் ஓடுறதில்ல. இன்னிக்கு ஓட்டுங்க சார். புதுசா ஒரு மோட்டார் சேந்தா எப்பிடி இருக்குதுன்னு தெரிஞ்சிடும்ல" என்றார்.

"உங்க மோட்டாருக்கு ஏதாவது ஆனா?"

"நீங்க பக்கத்துல நிக்கிறீங்க இல்ல, பாத்து நிறுத்துங்க."

பொழுது இறங்கியது. நைனாரின் மனைவி ஆளனுப்பினார். "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுங்க" என்றார் சார். நைனார் மாட்டேன் என்று தலையாட்டினார். "உங்கள எல்லாம் வெறும் வயித்தோட நிக்க வெச்சிட்டு நான் எப்பிடி சார் சாப்புடுவேன்? உபவாசம் எங்களுக்குப் பழக்கந்தான். நீங்க வேலையப் பாருங்க." இருட்டிவிட்டால் மறுநாள் காலைவரை அவருக்குச் சாப்பாடு கிடையாது, ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது நிறைந்துவிடுகிறது.

மில்லில் பெல்ட்டை மாட்டுகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கொட்டகைக்குள்ளேயே கேட்டது. முள் இறங்கத் தொடங்கியது. சார் கண்ணைக் காட்டினார், நைனார் மோட்டாரைப் போட்டார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி விழுந்தது. மோட்டார் வழக்கமான சத்தத்தோடு கிளம்பவில்லை. முனகியது. தண்ணீர் குழாயின் வாய்வரை வந்து வெறுமனே வழிந்தது. பொறியாளர் பல்பைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். லேசாக ஒரு கருகல் வாசனை வந்தது.

"நிறுத்துங்க சார்! நிறுத்துங்க!" என்று கத்தியது சார் இல்லை, பொறியாளரும் இல்லை. முனுசாமி. நைனாருக்கு முன்னால் பாய்ந்துபோய் அவரே சுவிட்சை இறக்கினார். பிறகு வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டார். "சரி, புரிஞ்சிடுச்சி. அப்ப என் நெல்லு?" என்றார்.

இங்கேதான் நான் சாரிடம் கற்றுக்கொண்டது. தாங்கும், தாங்காது என்று இரண்டே பதில் இருக்கிற கேள்வியை நாங்கள் கம்ப்யூட்டரிடம் கேட்டிருந்தோம். முந்தின நாள் ஒன்று, இன்று மற்றொன்று என்று மாற்றிச் சொல்லிவிட்டு சார் பஸ் ஏறியிருக்கலாம். நேர்மையானவர் என்ற பேரும் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. முனுசாமிக்குப் பக்கத்தில் அதே வரப்பில் உட்கார்ந்தார். "நாள் பூரா இந்த லைன் தாங்குது. ராத்திரியும் தாங்குது. இந்த ஒரு நேரம்தான் தாங்கலை. இந்த நேரத்துல நீங்க எல்லாரும் மோட்டாரை நிறுத்தி வெச்சா எல்லாருக்கும் கரண்டு கொடுக்கலாம்" என்றார்.

"மில்லுக்காரன வேற நேரத்துல ஓட்டச் சொல்லலாமே" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நாங்க காட்லேர்ந்து வர்ற நேரமே அதான். அப்ப அரைக்காம, வெயில்ல காய வெச்சத பனியில நனைய உட சொல்றியா?" என்று பச்சையம்மாள் அவரை ஒரே அடியாக உட்கார வைத்துவிட்டாள்.

பொறியாளருக்கு நம்பிக்கை இல்லை. "இதெல்லாம் பேச நல்லா இருக்கு சார். நாளைக்கு ஒருத்தன் நிறுத்துவான், ஒருத்தன் நிறுத்த மாட்டான். சாயந்திரமானா ஒவ்வொரு கொட்டகையா நானா ஓட முடியும்?"

"எங்க வூட்டுல தலமுறையா இந்த நேரத்துல வேலைய நிறுத்திட்டுதான் இருக்கறோம்" என்றார் நைனார். "அதால எங்க பயிர் ஒண்ணும் காஞ்சிடல. மத்தவங்களும் நிறுத்தட்டும்."

"மில்லு பெல்ட்டு சத்தம் காதுல உழுந்தா நிறுத்தணும், மில்லு நின்னா போடணும்" என்றாள் பச்சையம்மாள். "ஊருக்கே கேக்குது, நம்ம வூட்டு ஆளுக்குக் கேக்காதா?"

கடைசியில் பொறியாளர், இந்தப் போகத்துக்கு மட்டும் கொடுக்கிறேன், முதலில் முனுசாமிக்கு, அவர் நிறுத்துகிறாரா என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு என்றார். ஆக, காத்திருந்த அத்தனை பேருடைய கரண்டும் முனுசாமியின் கையில் வந்து நின்றது. சாரும் சும்மா விடவில்லை. மாலை நேரத்து அளவுகளை நாள் தவறாமல் எடுக்க வைத்தார். நைனாரின் மனைவி எங்களுக்காக இரண்டு பந்தி போட்டார். முதலில் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓட, மற்ற இருவரும் பிறகு சாப்பிடுவோம். பின்னால் கம்ப்யூட்டர் திட்டத்தையே ரங்கநாதன் மாற்றி எழுதினார். ஒரு லைன் எத்தனை மோட்டாரைத் தாங்கும் என்பதோடு, எந்த நேரத்தில் தாங்கும் என்பதையும் அது சொல்லத் தொடங்கியது. அவர் பட்டத்துக்கு மதிப்புக் கொடுத்ததே அந்தப் பகுதிதான். அதைச் சொன்னால் அவர் வெட்கப்படுவார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இப்போது உங்கள் கருவிகள் நொடிக்கு நொடி அளக்கின்றன, சரி. ஆனால் எதை அளக்க வேண்டும், எங்கே பொருத்த வேண்டும், எதைத் தேவையில்லை என்று தள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் ஒரு மனிதர். அவருக்குச் சாப்பாட்டு நேரம் இருக்கிறது, பண்டிகை இருக்கிறது, மரியாதை தெரிந்த மனது இருக்கிறது. எங்கள் அளவில் ஓட்டை விழுந்தது சோம்பேறித்தனத்தால் இல்லை, நல்ல பழக்கத்தால். அதனால்தான் அது கண்ணில் படவே இல்லை. தப்பு கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. எதிரே ஒருவர் பயிரோடு நிற்கிறார் என்றால், அவருக்கு என்ன வழி என்று பார்க்கிறவரை உங்கள் ஆராய்ச்சியும் முடியவில்லை.

முனுசாமிக்குக் கம்பி இழுத்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் மோட்டாரைப் போட்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் விழுந்ததும் பச்சையம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மடை மாற்றி மாற்றி இருவரும் விட்டார்கள். வெடித்துக் கிடந்த மண் சத்தம் போட்டுக்கொண்டு குடித்தது. பொழுது சாய்ந்தபோது மேட்டுப் பக்கம் கொஞ்சம் பாக்கி. நிலத்திலேயே ரொம்பக் காய்ந்த இடம் அதுதான். அங்கேதான் அவர் அதிகமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அதன் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மில்லில் பெல்ட் மாட்டினார்கள்.

பொறியாளர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். மற்ற நிலத்துக்காரர்கள் வரப்பில் நின்று முனுசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பின்பு சேற்றுக் காலோடு நடந்து வந்து சுவிட்சை இறக்கினார். வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, மேட்டைத் தொடாமலே நின்றுவிட்டது. அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

மில் நின்ற பிறகும் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. அது நன்றாக அடங்கிவிட்டதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் தடங்கலில்லாமல் கிளம்பியது. நான் வோல்ட்மீட்டரைப் பார்க்கத் திரும்புவதற்குள் பச்சையம்மாள் கொட்டகைக்குள் நுழைந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஓடுகிற மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாட்டு மேல கை வெச்சாப்பல வெதவெதன்னு இருக்குது" என்றாள். "ஒண்ணும் ஆவாது, ஓடட்டும்."